தூண்டிலுக்கு மசாலா

நெய்னா பண்டாரி பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறந்தால் தெருமுனையில் போகிறவன் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவான். அழைப்பு இல்லாதவன்கூட ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு கல்யாணப் பந்தலுக்குள் எட்டிப் பார்ப்பான். பண்டாரி என்றால் அந்தக் கடற்கரை ஊரின் முஸ்லிம் வீடுகளில் விருந்து சமைக்கிறவர். ஊரில் பண்டாரிகள் பல பேர் உண்டு. கைமணம் என்று சொன்னால் மட்டும் எல்லோரும் நெய்னாவைத்தான் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு மீன் மதிக்கவில்லை.

ஒரு மீன் என்பது பேச்சுக்குச் சொன்னது. கடலில் இருந்த எந்த மீனும் மதிக்கவில்லை.

கடலரிப்பைத் தடுக்க ஊருக்குத் தெற்கே கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருந்தார்கள். அதன் நுனியில் தினமும் காலையில் தனிஸ்லாஸ் நிற்பார். அவரிடம் தூண்டில் பழகியவர்கள் அவரை அண்ணாவி என்று கூப்பிடுவார்கள். அண்ணாவி என்றால் வாத்தியார். பண்டாரியைவிட இருபது வயது இளையவர்தான். ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தானே. ஜிக் என்று கடைகளில் விற்கும் மீன் வடிவ உலோகத் துண்டை வீசி, பாறை மீனையும் சீலாவையும் சர்வசாதாரணமாகத் தூக்குவார். கோபக்காரர். ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால் பதில் சொல்ல மாட்டார். முதல் தடவை கேட்டாலும் பெரும்பாலும் சொல்ல மாட்டார்.

“அண்ணாவி, ஏன் கடிக்க மாட்டேங்குது?”

“வீசும்.”

“வீசத்தானே செய்றேன்?”

“பொறவு என்ன? வீசும்.”

இதுதான் பாடம். இதைக் கேட்கவா விடியுமுன் எழுந்து, ராடையும் ரீலையும் சுமந்துகொண்டு, வழுக்குகிற கல்லில் தட்டுத்தடுமாறி வந்தோம் என்று பண்டாரிக்குப் பற்றிக்கொண்டு வரும். சமையலில் ஒரு பொடியனைச் சேர்த்தால்கூட, வெங்காயம் எவ்வளவு சிவக்க வேண்டும் என்று காட்டிக்கொடுப்பார்கள். இந்த மனிதர் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கடலும் இவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் நான் யார்?

அவருக்கு ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. குறை தன்னிடம் இல்லை, அந்த உலோகத் துண்டிடம்தான். மினுக்குகிறது, சரி. மினுக்கத்தை வைத்து என்ன செய்ய? அதற்கு மணம் உண்டா, காரம் உண்டா? பளபளவென்று தேய்த்த வெறும் தட்டை எடுத்துப் பந்தியில் வைத்தால் எவன் உட்காருவான்? வாசனை வேண்டும். வாசனை இருந்தால் வராத ஜீவன் இந்த உலகத்தில் இல்லை.

ஆக, நெய்னா பண்டாரி தூண்டிலுக்கு மசாலா அரைக்கத் தொடங்கினார்.

முதலில் காய்ந்த இறாலை வறுத்துப் பொடித்து நெய்யில் குழைத்துப் பூசினார். பிறகு பூண்டும் சோம்பும் சேர்த்தார். அப்புறம் மத்தி மீனின் ஈரலை வெயிலில் வைத்து எண்ணெய் எடுத்தார். அது கையில் பட்டால் சோப்புக்கும் போகாது. மசாலா தண்ணீரில் கரைந்துவிடுகிறது என்று உலோகத் துண்டைச் சுற்றிப் பழந்துணியைக் கட்டி, துணியை ஊறவைத்தார். ஒருநாள் கணவாய்க் குடலை வீட்டு மிக்ஸியில் போட்டு அரைத்துவிட்டார். அன்றைக்கு அவர் மனைவி பாத்துமுத்து மிக்ஸியைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு, “இனி இதுல உங்களுக்குத்தான் சட்னி அரைப்பேன்” என்று சொன்னாள். சொன்னபடி அரைக்கவும் செய்தாள்.

வாசனை வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பூனைகள் வந்தன. பூனைகளைத் துரத்திக்கொண்டு நாய்கள் வந்தன. காக்கை ஒன்று அவர் டப்பாவின் மூடியைக் கொத்தித் திறக்கப் பழகிக்கொண்டது. ஈக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரையில் உள்ள சகல ஜீவன்களும் கூடிய அந்தச் சபைக்கு மீன் மட்டும் வரவில்லை.

“அண்ணாவி, இதுல இன்னும் என்ன சேக்கலாம்?”

அண்ணாவி மூக்கைச் சுளித்தார். காற்றுக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து நின்றார்.

“வீசும்.”

இந்த வயதில் பண்டாரிக்கு மீன் பிடிக்கிற ஆசை எப்படி வந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அவருடைய மகன் ஜெய்லானி அவரைச் சமையல் கொட்டகைக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

முட்டி வலியால் அவர்தான் கரண்டியை மகனிடம் கொடுத்தார். கொடுத்தாரே தவிர விடவில்லை. மகன் பொறுப்பில் நடக்கிற சமையலுக்கெல்லாம் போவார். ஒரு கை மல்லித்தழை போடுவார், ஒரு சிட்டிகை உப்புப் போடுவார். ஜெய்லானி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். போன மாதம் ஒரு பெரிய வீட்டு நிக்காஹ். ஜெய்லானி மூடியைச் சுற்றி மாவு பூசி, மேலே தணல் கொட்டி, தம்மில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனான். திரும்பி வந்தபோது பண்டாரி மாவை உடைத்து மூடியைத் திறந்து, ஜாதிபத்திரிப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தார். ஆவி போய்விட்டது. அடியில் குழைந்தும் மேலே விதைவிதையாகவும் நின்ற சோற்றை மாப்பிள்ளை வீட்டார் பாதியில் ஒதுக்கிவிட்டு எழுந்தார்கள்.

ஜெய்லானி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. “வாப்பா, இனிமே சட்டிகிட்ட உங்களப் பாத்தேன்னா நான் சவூதிக்கு, தம்மாமுக்குப் போயிருவேன். அங்க ஓட்டல்ல கூப்பிடுறாங்க. பாஸ்போர்ட் கையில இருக்கு” என்றான். சொல்லிவிட்டு அண்டாக்களைக் கழுவப் போய்விட்டான்.

அன்றிலிருந்து பண்டாரியின் கைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கை படுத்துகிற பாட்டை அவரால் தாங்க முடியவில்லை. அதைவிட மோசமாக ஒரு பயம் வந்தது. அந்த நிக்காஹுக்கு முன்பே, அவனுடைய சமையலும் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஊர் பேசத் தொடங்கியிருந்தது. அப்படியானால் என் கைமணம்? அது போய்விட்டதா, இருக்கிறதா? மனிதர்கள் முகத்துக்காகப் பொய் சொல்வார்கள். மீன் சொல்லாது. அதனால்தான் கடலுக்கு வந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை. மறுநாள் ஊரில் இன்னொரு நிக்காஹ், ஜெய்லானியின் சமையல். போன மாதத்து அவமானத்துக்குப் பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய சமையல் அதுதான். அது சரியாக வரவில்லை என்றால் யாரும் இனி அவனைக் கூப்பிட மாட்டார்கள். பாத்துமுத்து வழியாகத் தகவல் வந்திருந்தது: வாப்பா விருந்துக்கு வரலாம், சட்டிப் பக்கம் மட்டும் வரக்கூடாது.

பண்டாரி ராத்திரி தூங்கவில்லை. விடிந்ததும் தன் உச்சபட்ச மசாலாவைக் கிளறி எடுத்துக்கொண்டு கல்லின் நுனிக்கு வந்தார். கணவாய்க் குடல், மத்தி எண்ணெய், இறால் பொடி, மேலே ஜாதிபத்திரி. இன்றைக்கு ஒரு மீனாவது கடித்தே ஆக வேண்டும்.

வீசினார். ரீலைச் சுற்றி இழுத்து எடுத்துப் பார்த்தார். மசாலா பாதி கரைந்திருந்தது. பூசினார். வீசினார். இழுத்து எடுத்துப் பார்த்தார். துணி அவிழ்ந்திருந்தது. கட்டினார், பூசினார், வீசினார்.

பக்கத்தில் அண்ணாவி ஒரு பாறை மீனைத் தூக்கிக் கல்லில் போட்டார். அது துள்ளிக்கொண்டு பண்டாரியின் காலடிக்கு வந்தது. கொக்கியைக் கழற்றக் குனிந்த பண்டாரி அப்படியே நின்றுவிட்டார்.

அண்ணாவியின் கொக்கியில் விரல்நகம் அளவு கணவாய்த் துண்டு ஒன்று குத்தியிருந்தது.

“இது என்னது?”

“கணவாய்.”

“கணவாயா?”

“தெரியலயா? நீருதான அத மிக்ஸில போட்டு அரைச்சது.”

பண்டாரிக்கு வந்த கோபத்தில் இத்தனை நாள் சொல்லிவந்த ‘நீங்க’ கடலில் விழுந்துவிட்டது.

“ஓய்! நான் இத்தன நாளும் வாசனை சேக்கலாமா, வாசனை சேக்கலாமான்னு நாய் மாதிரி கேட்டுக்கிட்டு நிக்கேன். நீரு மூக்கப் பொத்திக்கிட்டு நின்னீரு. இப்பப் பாத்தா நீரே சேக்கீரு!”

“சேக்கத்தான் செய்யுதேன்.”

“அப்ப வாசனை வேணும்!”

“இருந்தா நல்லதுதான். அடியில கெடக்கிற மீனுக்குக் கொஞ்சம் இருந்தா நல்லது.”

“அத ஏன்வே என்கிட்ட சொல்லல?”

“நீரு அதக் கேக்கலயே. இன்னும் என்ன சேக்கலாம்னுல்லா கேட்டீரு.”

“ரெண்டும் ஒண்ணுதான்!”

அண்ணாவி மீனைப் பைக்குள் போட்டார். கொக்கியில் கணவாய்த் துண்டு கொஞ்சம் கிழிந்திருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீசினார்.

“கிழிஞ்சிருக்கு, பாக்கலயா?” என்று பண்டாரி கத்தினார்.

“போட்டாச்சுல்லா. போட்டா மறந்துருவேன்.”

“மறந்துருவீரா! மீன் பிடிக்கிற லட்சணமாவே இது?”

அண்ணாவி தன் ராடைக் கல்லிடுக்கில் சொருகினார். பொறுமை அவருக்கும் தீர்ந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பண்டாரியின் தூண்டிலைப் பிடுங்கினார். துணியை அறுத்து எறிந்தார். அதற்காகவே காத்திருந்த காக்கை அதைத் தூக்கிக்கொண்டு போனது. உலோகத் துண்டைக் கல்லின் பாசியில் தேய்த்துத் தேய்த்து, கடல் தண்ணீரில் அலசினார். கடைசியாகக் குறடை எடுத்துக் கொக்கியையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“வீசும்.”

“கொக்கி இல்லாமயா?”

“ஆமா.”

“கொக்கி இல்லாம மீன எப்படிவே பிடிக்க?”

“பிடிக்கச் சொன்னேனா? வீசத்தான சொன்னேன்.”

இந்த ஆள் கிறுக்கன், இவரிடம் பாடம் கேட்க வந்த நான் இவரைவிடப் பெரிய கிறுக்கன் என்று பண்டாரி வாய்விட்டே சொன்னார். சொல்லிக்கொண்டே, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து வீசினார். துண்டு தூரமாகப் போய் விழுந்தது. ரீலைச் சுற்றக் கை போனது. எதைப் பார்க்க இழுப்பது? பூச மசாலா இல்லை, கட்டத் துணி இல்லை, கொக்கியும் இல்லை. கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தூண்டில் நரம்பு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடி ஓடி ஒரு கட்டத்தில் தளர்ந்து நின்றது. துண்டு கடல் தரையைத் தொட்டுவிட்டது. பண்டாரி அதைக் கவனிக்கவில்லை. இந்நேரம் ஜெய்லானி ஆடு பார்த்து முடித்திருப்பான். அரிசியைக் கல் பார்க்க ஆள் வைத்திருப்பானா? நெய் நல்ல நெய்யாக வாங்கியிருப்பானா? நினைக்க நினைக்க உள்ளங்கை அரித்தது. அரிப்புத் தாங்காமல் ராடைச் சும்மா ஒரு தூக்குத் தூக்கி இறக்கினார்.

டொக்.

பண்டாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை தூக்கி இறக்கினார். துண்டு ஆடி ஆடிக் கீழே இறங்குவது நரம்பு வழியாகக் கைக்குத் தெரிந்தது.

டொக். டொக்.

“அண்ணாவி! கடிக்குது! கொக்கியக் குடுங்க!”

‘நீங்க’ திரும்பி வந்துவிட்டது. அண்ணாவி சட்டைப்பையைத் தொடவில்லை.

“வந்துருச்சு அண்ணாவி, மீன் வந்துருச்சு!”

“புதுசா ஒண்ணும் வரல. அது எப்பவும் அங்கதான் கெடக்கு. உம்ம தூண்டில்தான் அங்க போனதில்ல. பாதித் தண்ணிக்குப் போகுமுன்ன இழுத்துருதீரு.”

“இழுத்துப் பாக்கணும்லா?”

“என்னத்த?”

“வாசனை இருக்கா இல்லையான்னு பாக்கணும்லா?”

“பாத்து?”

“கொறஞ்சிருந்தா கூடக் கொஞ்சம் சேக்கணும்லா?”

சொல்லி முடித்த பிறகுதான் பண்டாரிக்குத் தன் குரல் காதில் விழுந்தது. போன மாதம் உடைந்த மாவும் கையுமாகச் சட்டியின் முன்னால் நின்றபோது, என்ன வாப்பா செய்றீங்க என்று ஜெய்லானி கேட்டான். அன்றைக்கு அவர் சொன்னதும் இதையேதான். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

கீழே மீன் இன்னும் ஒரு தடவை முட்டியது. பண்டாரி ராடைத் தூக்கவில்லை.

வேறு யார் சட்டியிலாவது அவர் தம்மை உடைத்திருப்பாரா? விரோதியின் சட்டியாக இருந்தாலும் மாட்டார். தம்மில் இருக்கிற சட்டிக்கு மூன்றடி தள்ளி நில் என்று எத்தனை பேரை விரட்டியிருக்கிறார். மகன் சட்டி என்றதும் அந்த மரியாதை அவருக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தபோது அழுகை வரும்போல இருந்தது. அந்த அழுகையையும் எரிச்சலாக்கித்தான் அவரால் வெளியே விட முடிந்தது.

“எல்லாம் சரி அண்ணாவி. மீன் கதைய விடுங்க. நாளைக்கு நான் என்ன செய்ய? அதச் சொல்லுங்க.”

“நாளைக்கு என்ன?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஊருக்கே தெரியும். போனா என் கை சும்மா இருக்காது. அது மேல எனக்கே நம்பிக்கையில்ல. தொட்டேன்னா அவன் போயிருவான். போகாம வீட்டுல இருந்தேன்னா, வாப்பா கோவிச்சுக்கிட்டு வரலன்னு நெனச்சுக்கிட்டு அப்பவும் போயிருவான். ஒத்தப் புள்ள. எந்தப் பக்கம் திரும்புனாலும் அடைச்சுக் கெடக்கு.”

அண்ணாவி கடலைப் பார்த்துக்கொண்டே ரீலை மெதுவாகச் சுற்றினார்.

“போவும்” என்றார்.

“போயி? சட்டிகிட்டப் போகாம எங்க நிக்க? வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கவா?”

“பந்தியில உக்காரும்.”

“பந்தியிலயா!”

பண்டாரிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேராக உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுகிற சகன் பந்தி அந்த ஊர் வழக்கம். கல்யாணம் கல்யாணமாக அந்தத் தட்டுகளை நிரப்பி அனுப்பியவர் அவர். ஒரு தடவைகூட ஒன்றின் முன்னால் உட்கார்ந்ததில்லை.

“அண்ணாவி, ஊரெல்லாம் தின்னு முடிச்ச பொறவு அடிச்சட்டியில நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போடுவேன். அதுவும் ருசி பாக்கத்தான், பசிக்கில்ல. எனக்குப் பந்தியில உக்காரத் தெரியாது. வாயில வச்ச ஒடன இந்த நாக்கு ஆரம்பிச்சிரும். உப்பு கொறச்சல், மல்லி கூடுதல், நெய் காந்திருச்சுன்னு. நான் வாயத் தொறக்காம இருந்தாலும் மொகம் காட்டிக் குடுத்துரும். அவன் வேற எங்க பாப்பான்? கொட்டகை வாசல்ல நின்னுக்கிட்டு என் மொகத்தத்தான் பாப்பான். நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு உக்கார? சொல்லுங்க.”

அண்ணாவி நரம்பை முழுவதும் சுற்றி முடித்தார். ராடைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதல் தடவையாகப் பண்டாரியை நேருக்கு நேர் பார்த்தார்.

“நாளைக்குக் காலையிலேருந்து ஒண்ணும் திங்காதேயும்” என்றார். “பசியோட போயி உக்காரும்.”